ஏறியவன் கை நீட்ட வேண்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "நன்றாகப் படியுங்கள். டாக்டராக வாருங்கள், வழக்கறிஞராக வாருங்கள்" என்பார்கள். நல்ல வாழ்த்துதான். நானும் அப்படியே வாழ்த்துகிறேன். ஆனால் இந்த மண்டபத்தைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். மேடைக்கு ஏறிப் பரிசு வாங்கப்போகும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கைதட்ட வந்த பிள்ளைகள் பின்வரிசைகளில் இருக்கிறார்கள். பின்வரிசைப் பிள்ளைகள்தாம் எண்ணிக்கையில் அதிகம். இன்றைக்கு நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

அந்தப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போவார்கள். சிலர் எஸ்.பி.எம். வரை போவார்கள், சிலர் பாதியிலே நின்றுவிடுவார்கள். பிறகு ஒரு நாள் யாராவது நம்மிடம், "உங்க பையன் என்ன செய்றான்?" என்று கேட்பார்கள். நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னத்த செய்றான், கட்டட வேலைக்குப் போறான்" என்போம். ஏதோ தோல்வியைச் சொல்வதுபோல அதைச் சொல்வோம்.

கட்டட வேலை தோல்வியா? அதில் இரண்டு வகை உண்டு என்பதை நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. சிமெண்டு மூட்டை தூக்குவதும் கட்டட வேலைதான். நூல் பிடித்துச் சுவர் எழுப்புவதும், வயரிங் இழுப்பதும், இரும்பை ஒட்டவைப்பதும், குழாய் பொருத்துவதும் கட்டட வேலைதான். முதலாவது கூலி. மற்றவை தொழில். கூலிக்காரனை இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்கு வேண்டாம் என்பார்கள். தொழில் தெரிந்தவனைத் தேடி வீட்டுக்கே ஆள் வரும். கூலியிலிருந்து தொழிலுக்கு ஏறும் அந்த ஒரு படியை எப்படி ஏறுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு நான் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் நம்மவர்களுடையவை அல்ல. கனடாவிலும், நியூசிலாந்திலும், ஆஸ்திரேலியாவிலும் வாழும் பூர்வகுடி மக்களுடையவை. வெள்ளைக்காரர் வந்து குடியேறுவதற்கு முன்பே அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நிலத்தை இழந்து, சொந்த நாட்டிலேயே கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டவர்கள். நம் கதை வேறு. நம் பாட்டன்மார் கடல் கடந்து வந்தவர்கள். ஆனாலும் கடைசி வரிசையிலிருந்து ஒரு படி ஏறுவது எப்படி என்பதை அவர்களிடமிருந்து நாம் தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம்.

பன்னிரண்டு பேரில் தொடங்கிய தொழில்

கனடாவில் மொன்ட்ரியல் நகருக்கு அருகே, செயின்ட் லாரன்ஸ் என்ற பெரிய ஆற்றின் தென்கரையில், கானவாக்கே என்றோர் ஊர் இருக்கிறது. மோஹாக் என்ற பூர்வகுடி மக்களின் ஊர் அது. 1886-ஆம் ஆண்டில் கனடியப் பசிபிக் ரயில் கம்பெனிக்காக அந்த ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். பாலத்தின் ஒரு முனை மோஹாக் மக்களின் நிலத்தில் வந்து இறங்க வேண்டும். அதற்கு இடம் கொடுத்ததற்கு ஈடாக, ஊர் ஆண்களுக்குப் பாலத்தில் வேலை தருவதாகப் பேச்சு.

என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? சாமான் இறக்குகிற வேலை. அதாவது கூலி வேலை. கொடுத்த வாக்கு நிறைவேறிவிட்டது என்று கம்பெனி நினைத்தது. ஆனால் அந்த ஊர் ஆண்களுக்கு அது போதவில்லை. சமயம் கிடைத்தபோதெல்லாம் பாலத்தின் மேலே ஏறிப் போய், இரும்பை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்தார்கள். "எங்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். கடைசியில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்குக் கம்பெனி தொழில் கற்றுக்கொடுத்தது.

அந்தக் காலத்தில் இரும்புச் சட்டங்களை இணைக்கத் தறையாணி அடிப்பார்கள். அது ஓர் ஆள் வேலை அல்ல, நான்கு பேர் சேர்ந்த செட்டு. ஒருவர் கரி உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி எறிவார். இரண்டாமவர் அதைப் பிடித்து ஓட்டைக்குள் நுழைப்பார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்துத் தாங்குவார். நான்காமவர் மறுபக்கத்திலிருந்து அடித்து இறுக்குவார். இத்தனையும் ஆற்றுக்கு மேலே, குறுகிய பலகையில் நின்றுகொண்டு. ஒருவர் கை தவறினால் நால்வருக்கும் ஆபத்து. பன்னிரண்டு பேர் என்றால் மூன்று செட்டு.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த மூன்று செட்டும் அடுத்த பாலத்து வேலைக்குப் போனபோது, தங்கள் ஊர்ப் பையன்களையும் உடன் அழைத்துக்கொண்டு போனார்கள். வேலைக்கு நடுவே அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவன் தேறியதும் ஒரு புதிய செட்டு உருவானது. அந்தப் புதிய செட்டு இன்னொரு பையனை அழைத்து வந்தது. இப்படியே சங்கிலிபோல நீண்டு, 1907-ஆம் ஆண்டு வாக்கில் எழுபது பேருக்கும் மேல் தேர்ந்த இரும்பு வேலைக்காரர்கள் அந்த ஒரே ஊரில் இருந்தார்கள். கம்பெனி கற்றுக்கொடுத்தது பன்னிரண்டு பேருக்கு. மற்றவர்களுக்கு அவர்களே கற்றுக்கொடுத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்காவில் நியூயார்க் நகரம் வரை போனார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடம், ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், உலக வர்த்தக மையக் கோபுரங்கள் எல்லாவற்றிலும் மோஹாக் தொழிலாளர்களின் கை பட்டிருக்கிறது. புரூக்ளின் என்ற பகுதியில் அவர்கள் குடும்பம் குடும்பமாய்க் குடியேறினார்கள். அங்கிருந்த தேவாலயப் பாதிரியார் ஒருவர் அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டு வழிபாடு நடத்தினார் என்றால், அவர்கள் எவ்வளவு பேர் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2001 செப்டம்பர் 11-ஆம் நாள் அந்த இரட்டைக் கோபுரங்கள் இடிந்து விழுந்தபோது, இரும்புக் குவியலை வெட்டி அகற்ற ஓடிவந்தவர்களில் மோஹாக் தொழிலாளர்களும் இருந்தார்கள். தகப்பன்மார் எழுப்பியதை மகன்மார் அகற்ற வேண்டியதாயிற்று.

பிறவிக் குணம் என்ற பொய்

அவர்களைப் பற்றி ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. "மோஹாக்காரனுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. அது அவன் ரத்தத்தில் இருக்கிறது" என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொழிலாளர்களே அதை ஒப்புக்கொள்வதில்லை. பயம் எல்லோருக்கும் உண்டு, அதை வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகியிருக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். பழக்கம் என்றால் பயிற்சி.

இந்தப் "பிறவிக் குணம்" என்ற பேச்சு நமக்கும் புதிதல்ல. தோட்டத் துரைமார் காலத்தில் தமிழனைப் பற்றி என்ன சொன்னார்கள்? சொன்னதைக் கேட்பவன், வெயிலைத் தாங்குபவன், தோட்ட வேலைக்கென்றே பொருத்தமானவன் என்றார்கள். புகழ்வதுபோல இருக்கும். உள்ளே ஒரு பூட்டு இருக்கும். ஒருவனுக்கு இது பிறவியிலேயே வரும் என்று சொல்லிவிட்டால், அவனுக்குப் பயிற்சியும் வேண்டாம், பாதுகாப்பும் வேண்டாம், வேறு வேலையும் வேண்டாம் என்று ஆகிவிடும் அல்லவா?

பாதுகாப்பு இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் கானவாக்கே ஊரே சாட்சி. 1907 ஆகஸ்டு 29-ஆம் நாள், கட்டிக்கொண்டிருந்த குவிபெக் பாலம் சரிந்து ஆற்றுக்குள் விழுந்தது. 75 பேர் மாண்டார்கள். அவர்களில் 33 பேர் கானவாக்கே ஊர்க்காரர்கள். பாலத்தின் கீழ்ச் சட்டங்கள் வளைவதைச் சில நாட்களுக்கு முன்பே கண்டிருக்கிறார்கள். எடைக் கணக்கும் தவறு. வேலையை நிறுத்தும் உத்தரவுதான் நேரத்துக்கு வரவில்லை. ஒரே மாலைப் பொழுதில் ஒரு சிற்றூர் 33 ஆண்பிள்ளைகளை இழந்தது. இறந்தவர்களின் கல்லறையில் இரும்புச் சட்டங்களால் செய்த சிலுவைகளை நட்டார்கள்.

அந்த ஊர்ப் பெண்கள் அப்போது எடுத்த முடிவு ஒன்று உண்டு. "இந்தத் தொழிலை விட்டுவிடுங்கள்" என்று அவர்கள் சொல்லவில்லை. "இனிமேல் எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்யாதீர்கள். பிரிந்து போங்கள்" என்றார்கள். தாய்மார்களே, இதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றவுடன் தொழிலை மறுக்காமல், தொழிலைச் செய்யும் முறையை மாற்றச் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும். "கட்டட வேலை வேண்டாம்டா" என்பதோடு நின்றுவிடக் கூடாது. "உனக்குப் பாதுகாப்பு வார் கொடுத்தார்களா? தலைக்கவசம் இருக்கிறதா? சாரத்தைச் சோதித்தார்களா?" என்று தினமும் கேட்பது தாயின் வேலை, தகப்பனின் வேலை.

விடுதியும் வாய்ச்சியும்

இனி நியூசிலாந்துக்கு வருவோம். அங்கே பூர்வகுடி மக்கள் மாவோரி இனத்தவர். 1945-ஆம் ஆண்டில் அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் நகரத்தில் வாழ்ந்தார். 1986-க்குள் ஐந்தில் நால்வர் நகரத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரே தலைமுறையில் கிராமம் காலியாகி நகரம் நிறைந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த நமக்கு அந்த அனுபவத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கையில் தொழில் இல்லாமல் நகரத்துக்கு வருகிறவன் கூலிக்காரனாகத்தான் வருகிறான்.

இதை உணர்ந்து 1959-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் மாவோரி இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. தச்சு, குழாய் வேலை, கொத்து வேலை, சாயம் பூசுதல், மின்சார வேலை முதலியவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச் ஆகிய நகரங்களில் பயிற்சி நடந்தது.

இதிலே முக்கியமான அம்சம் பட்டறை மட்டுமல்ல, விடுதியும்தான். கிராமத்துப் பையனைக் கொண்டுபோய் நகரத்தில் விட்டுவிட்டு, "படி" என்று சொன்னால் படிப்பானா? முதல் மாதத்திலேயே வீட்டு நினைப்பு வந்து ஓடிவந்துவிடுவான், அல்லது கெட்ட சகவாசத்தில் விழுவான். அதனால் அவர்களைச் சேர்த்துத் தங்கவைத்தார்கள். கிறைஸ்ட்சர்ச் நகரில் ரெஹுவா என்ற இடத்தில் மாவோரி மக்களின் பொதுக்கூடமும் விடுதியும் இருந்தன. 1960-இல் அங்கே மரபு முறைப்படி ஒரு சபைக் கூடத்தையும் திறந்தார்கள். பகலில் பயிற்சி. மாலையில் தன் மொழி, தன் பாட்டு, தன் பெரியவர்கள். நகரத்தில் இருந்தும் பையன் தன் இனத்தின் மடியில் இருந்தான்.

ஆனால் அரசாங்கம் தொடங்கியதை அரசாங்கமே நிறுத்தவும் முடியும். 1980-களில் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1989-இல் மாவோரி விவகாரத் துறையையே மூடிவிட்டார்கள். அதை ஒட்டிப் பயிற்சித் திட்டமும் முடிவுக்கு வந்தது. சங்கிலி அறுந்தது. அதே காலத்தில் ரயில்வே, காட்டுத்துறை போன்ற அரசாங்க வேலைகளிலும் ஆட்குறைப்பு நடந்தது. 1992-ஆம் ஆண்டில் மாவோரித் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

பிறகு 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் குலுக்கியது. இரண்டாவதில் 185 பேர் மாண்டார்கள். நகரத்தையே திரும்பக் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் தொழில் தெரிந்த கைகள் வேண்டும். அந்த வட்டாரத்து மாவோரிக் குலமான நாய் தாகு, அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியோடு சேர்ந்து 2011-இல் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் 'ஹே தோக்கி கி தே ரிக்கா'. 'கையிலே ஒரு வாய்ச்சி' என்று பொருள். வாய்ச்சி என்றால் ஆசாரிமார் மரம் செதுக்குகிற கருவி என்பது இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். 2014-இல் அரசாங்கமும் மாவோரி, பசிபிக் தீவு இளைஞர்களுக்கான பயிற்சியை நாடு முழுவதும் தொடங்கியது. ஆக, அரசாங்கம் விட்ட இடத்தில் சமூகமே முன்வந்து நின்றது. அது முன்வந்ததால் அரசாங்கமும் பின்னால் வந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

மூன்றாவதாக ஆஸ்திரேலியா. பயிற்சி கொடுத்தாயிற்று, சான்றிதழும் வாங்கியாயிற்று, ஆனால் வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை என்றால் என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற கதைதான். இதற்கு அந்த நாடு ஒரு வழி செய்தது. 2015 ஜூலை மாதம் மத்திய அரசாங்கம் ஒரு கொள்கையைக் கொண்டுவந்தது. அரசாங்கம் கொடுக்கும் ஒப்பந்தங்களில் ஒரு பங்கு பூர்வகுடியினரின் நிறுவனங்களுக்குப் போக வேண்டும். கட்டுமானம் போன்ற துறைகளில் 75 லட்சம் டாலரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள ஒப்பந்தம் என்றால், அதை எடுக்கிற நிறுவனம் குறிப்பிட்ட அளவுக்குப் பூர்வகுடி மக்களை வேலைக்கு வைக்க வேண்டும், அல்லது அவர்களுடைய நிறுவனங்களிடம் வேலையும் பொருளும் வாங்க வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. பூர்வகுடியினர் ஒருவரின் பெயரை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு, லாபத்தை வேறொருவர் எடுத்துப்போகிற தந்திரம் அங்கேயும் நடந்திருக்கிறது. "அலிபாபா" வேலை என்றால் நம் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆகவே ஒப்பந்தத்தில் வரி இருந்தால் போதாது. அந்த வரிக்குப் பின்னால் உண்மையாகவே தொழில் தெரிந்த ஆள் நிற்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் நிலை

நம் நாட்டின் பூர்வகுடியினரான ஓராங் அஸ்லி மக்களுக்கும் இதே கேள்வி உண்டு. தீபகற்பத்தில் மட்டும் அவர்களில் 18 பிரிவினர் இருக்கிறார்கள். எத்தனையோ தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய கம்பங்கள் இருக்கின்றன. கூலியிலிருந்து தொழிலுக்கு ஏறும் படி அவர்கள் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. நாம் நம் பிள்ளைக்குக் கேட்கும்போது, பக்கத்துக் கம்பத்துப் பிள்ளைக்கும் சேர்த்துக் கேட்பது நியாயம். அதுபோலவே, கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததுபோலத்தான் அவர்களும் பிழைக்க வந்திருக்கிறார்கள்.

நம் பாட்டன்மாரும் இந்த நாட்டின் கட்டுமானத்தில் சும்மா இருக்கவில்லை. காட்டை வெட்டினார்கள், ரயில் பாதைக்கு மண் சுமந்தார்கள், பொதுப்பணித் துறையின் சாலைகளுக்குக் கல் உடைத்தார்கள். ஆனால் பெரும்பாலோர் மண் சுமந்த நிலையிலேயே நின்றுவிட்டார்கள். செந்தூல் ரயில்வே பட்டறைபோன்ற சில இடங்களில் மட்டும் நம்மவர்கள் இயந்திரத் தொழிலைக் கற்றார்கள். தகப்பன் செய்ததைப் பார்த்து மகனும் வந்தான். சங்கிலி என்பது நமக்கும் தெரியாத விஷயம் அல்ல. அதை எல்லா இடத்துக்கும் நீட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு வழிகள் இருக்கின்றன. சிலவற்றை மட்டும் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பச்சை அட்டை. கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர்கள் சி.ஐ.டி.பி. என்ற கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிந்து, பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்து இந்த அட்டையை வாங்க வேண்டும். அந்த வாரியம் 1994-இல் அமைக்கப்பட்டது. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். பச்சை அட்டை என்பது வாசலைத் திறக்கிற அட்டை. அது தொழில் சான்றிதழ் அல்ல. "எம்பையன்கிட்ட கார்டு இருக்கு" என்று அதோடு திருப்திப்பட்டுவிடக் கூடாது.

இரண்டாவது, எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ். முதல் நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று ஏறி, அதற்கு மேல் டிப்ளோமா வரை போகலாம். இதற்கு எஸ்.பி.எம்.மில் ஏழெட்டு 'ஏ' வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. வேலை செய்துகொண்டே படிக்கவும் முறை இருக்கிறது. எஸ்.எல்.டி.என். என்ற அந்த இரட்டைப் பயிற்சி முறையில் நூற்றில் எழுபது, எண்பது பங்கு பயிற்சி வேலை செய்யும் இடத்திலும், மீதி வகுப்பறையிலும் நடக்கும். கையால் செய்தால்தான் மண்டையில் ஏறும் என்ற பிள்ளைகளுக்கு இது ஏற்றது. பெண் பிள்ளைகளுக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. வயரிங் கம்பிக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, இங்கே உட்கார்ந்திருக்கும் தகப்பன்மார்களுக்கு. அண்ணன்மார்களே, பதினைந்து வருஷம், இருபது வருஷம் கொத்து வேலையும் வெல்டிங்கும் செய்து, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் இருப்பவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி, அந்த அனுபவத்துக்கே எஸ்.கே.எம். வாங்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பி.பி.டி. என்பார்கள். அந்தச் சான்றிதழ் சம்பளத்துக்கு மட்டுமல்ல. நாளைக்கு நீங்கள் ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுக்க முன்வரும்போது உங்களை நம்புவதற்கும் அது பயன்படும்.

நான்காவது, பணம். 500,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தங்களுக்கு நூற்றுக்கு 0.125 என்ற கணக்கில் குத்தகையாளர்கள் சி.ஐ.டி.பி.க்குத் தீர்வை கட்டுகிறார்கள். தொழிலை மேம்படுத்தவும் ஆட்களைப் பயிற்றவும் ஏற்பட்ட பணம் அது. ஆகவே பயிற்சி கேட்பது பிச்சை அல்ல. திறன் பயிற்சிக்குப் பி.டி.பி.கே. கடனும் உண்டு. அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

மரம் ஏறுகிறவனை எவ்வளவு தூரம் தாங்க முடியும் என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். உச்சி வரைக்கும் யாரும் தாங்க முடியாது. ஆனால் கிளையே எட்டாத உயரத்தில் இருக்கும்போது முதல் ஆறடிக்குத் தோள் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அவன் கை, அவன் கால். இன்றைக்கு நம் பிள்ளைகளுக்கு வேண்டியது அந்த முதல் ஆறடிதான். அரசாங்கத்தில் திட்டம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது. பையனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முதல் வாரம் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் இல்லை.

கானவாக்கே ஊரில் அந்த ஆள் யார்? முன்னால் ஏறியவன். கிறைஸ்ட்சர்ச்சில் யார்? விடுதியிலிருந்த பெரியவர்கள். நமக்கு யார்?

இந்தப் பள்ளியில் படித்துப் போனவர்களில் இன்று வயர்மேன் இருக்கிறார், குழாய் வேலைக்காரர் இருக்கிறார், வெல்டர் இருக்கிறார், சிறு குத்தகை எடுத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் விளக்கும் போடுகிற கைகள் எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்த கைகள்தாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு நான் பணிவோடு வைக்கும் வேண்டுகோள் இதுதான். அவர்களுடைய பெயரை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். என்ன தொழில், எந்த ஊர், சான்றிதழ் உண்டா என்று குறித்துவையுங்கள். அது போதும். பெரிய செலவில்லை. இடைநிலைப் பள்ளியை முடிக்கிற ஒவ்வொரு பையனையும், ஒவ்வொரு பெண்ணையும் அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். பள்ளி விடுமுறையில் சும்மா கூட்டிப்போய்த் தொழிலைக் காட்டட்டும். பிள்ளைக்குப் பிடித்தால், சான்றிதழுக்கு மனுப் போடும்போது உடன் போகட்டும். பயிற்சி முடியும் வரை மாதம் ஒருமுறை, "என்னடா, எப்படிப் போகுது?" என்று கேட்கட்டும்.

தொழில் தெரிந்த அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "சொல்லிக் கொடுத்தால் எனக்கே போட்டியாக வந்துவிடுவான்" என்று சிலர் நினைப்பதுண்டு. அந்தப் பன்னிரண்டு மோஹாக் ஆட்களும் அப்படி நினைத்திருந்தால் தொழில் பன்னிரண்டு பேரோடு முடிந்திருக்கும். அவர்கள் எழுபது பேரானதால்தான், பெரிய பாலம் என்றால் அந்த ஊருக்கு ஆள் அனுப்பு என்ற பெயர் வந்தது. ஒருவன் நல்ல வேலைக்காரன் என்றால் அவனுக்கு மட்டும் பெயர். ஊரே நல்ல வேலைக்கார ஊர் என்றால் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் பெயர்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்குச் சொல்வது சுருக்கமானது. கணக்குப் பாடத்தில் கோணமும் பரப்பளவும் வரும்போது, "இது எதுக்கு சார்?" என்று கேட்கிறீர்கள். கூரைக்கு எத்தனை ஓடு, தரைக்கு எத்தனை சதுர அடி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கத்தான் அது. மலாய்ப் பாடம் எதற்கு? பயிற்சிப் புத்தகத்தை வாசிக்கவும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குமுன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும்தான். முதல் பரிசு வாங்குகிறவனுக்கும் இது வேண்டும், பின்வரிசையில் கைதட்டுகிறவனுக்கும் இது வேண்டும்.

பெற்றோர்களே, இனிமேல் யாராவது "உங்க பையன் என்ன செய்றான்?" என்று கேட்டால், "தொழில் கத்துக்கறான்" என்று நிமிர்ந்து சொல்லும் நாள் வர வேண்டும். அதற்கான நோட்டுப் புத்தகத்தை நாளைக்கே நான் வாங்கித் தருகிறேன். முதல் பெயரை நீங்கள் எழுதுங்கள்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். நாளை தொழில் பெறப்போகும் பிள்ளைகளுக்கு என் முன்கூட்டிய வாழ்த்துகள்.